அங்கீகாரம் பெற்ற மௌனம்

விசில் சாரின் கதைக்கு வருவதற்கு முன்னால், சமயக் கல்வி என்ற பாடம் எப்படிக் காலியாகிப்போனது என்பதைச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் நம்ப மாட்டீர்கள். சொன்னாலும் நம்புவது கஷ்டம்தான்.

ஊரில் மூன்று கூட்டத்தார் இருந்தார்கள். கும்பிடும்போது தலை குனிகிறவர்கள், தலை நிமிர்கிறவர்கள், கண்ணை மூடிக்கொள்கிறவர்கள். அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்துகொண்டு, ஒருவர் ஏணியை இன்னொருவர் இரவல் வாங்கித் திருப்பித் தராமல், சௌக்கியமாகத்தான் இருந்தார்கள். கல்வித்துறைக்கு அது பொறுக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சமயம் சொல்லித்தர வேண்டும், ஆனால் யார் மனமும் புண்படக் கூடாது என்று குழு ஒன்று போட்டது. குழு கொழுகொழுவென்று ஒரு புத்தகம் எழுதியது. ஒருவர் வந்து மூன்றாம் பக்கம் புண்படுத்துகிறது என்றார். எடுத்தார்கள். மூன்றாம் பக்கத்தை எடுத்தது புண்படுத்துகிறது என்று இன்னொருவர் வந்தார். அவரைச் சமாதானப்படுத்த நான்காம் பக்கத்தையும் எடுத்தார்கள். இப்படியே ஆளாளுக்குப் பிய்த்ததில், கடைசியில் இரண்டு அட்டையும் நடுவில் வெள்ளைத்தாளும் மிஞ்சின. பக்க எண்கள் மட்டும் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தன. அதிலும் ஓர் எண் ஒரு கூட்டத்துக்கு ஆகாது என்று தெரியவந்ததும் அவையும் போயின. அட்டைக்கு மூன்று கூட்டத்துக்கும் சொந்தமில்லாத நிறமாகத் தேடி, பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் அடித்தார்கள். அந்தப் புத்தகத்துக்கு வருடா வருடம் திருத்திய பதிப்பு வேறு வந்துகொண்டிருந்தது.

புத்தகம் வெறுமையானால் வகுப்பும் வெறுமைதானே. ஆகவே சமய வகுப்பில் மௌனம் என்று முடிவாயிற்று. அதுவும் சும்மா மௌனமில்லை. தலை குனியக் கூடாது, நிமிரக் கூடாது, கண்ணை மூடக் கூடாது. கழுத்தை நேராக நிறுத்தி, கண்ணை விரியத் திறந்து, எதிர்ச் சுவரைப் பார்க்க வேண்டும். கண் சிமிட்டலாமா என்று ஒரு பள்ளியிலிருந்து சந்தேகம் கேட்டு எழுதினார்கள். சிமிட்டலாம், ஆனால் மூடிய நிலையில் தாமதிக்கலாகாது என்று பதில் வந்தது.

தேர்வும் உண்டு. வெற்று வினாத்தாள், வெற்று விடைத்தாள். பெயரை எழுதிய பிள்ளைகளுக்கு மிகையாக எழுதியதற்காக மதிப்பெண் குறைத்தார்கள். ஒரு வருடம், தேர்வன்று அம்மை போட்டு வீட்டில் படுத்திருந்த பையன் முதலிடம் வந்துவிட்டான். மற்றப் பெற்றோர்கள் வெகுண்டெழுந்தார்கள். தெருக்கோடியில் மௌனத்துக்கு டியூஷன் ஆரம்பமாயிற்று. அங்கே ஒரே சத்தம், உட்கார முடியவில்லை என்று புகார்.

இந்த வகுப்பைத்தான் விசில் சாரின் தலையில் கட்டினார்கள்.

அவர் உடற்பயிற்சி ஆசிரியர். கழுத்தில் விசில், தொண்டையில் இன்னொரு விசில். மைதானத்தில் அவர் 'ஓடு' என்றால் பக்கத்துத் தெருவில் நிற்கிறவனும் நாலு எட்டு ஓடிவிட்டுத்தான் யோசிப்பான். தலைமையாசிரியை அவரைக் கூப்பிட்டு, ஒன்றுமே நடத்த வேண்டாத பாடத்துக்கு நன்றாக நடத்துகிற ஆளை அனுப்பினால் வீண் அல்லவா என்று நியாயம் கேட்டார். அதில் தனக்கு ஏதும் குத்தல் இருக்கிறதா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் சாவி கைக்கு வந்துவிட்டது. பள்ளியின் கடைசி அறை. கிழிந்த வரைபடங்களும் கால் போன பெஞ்சுகளும் அடைந்து கிடந்ததை இந்தப் பாடத்துக்கென்று முன்பே ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். ஒரே ஜன்னல். அதற்கு வெளியே தண்ணீர்த் தொட்டி.

"மேடம், எனக்குச் சும்மா இருக்க வராது," என்று சொல்லிப் பார்த்தார்.

"யாருக்கு சார் வருது? பழகிக்க வேண்டியதுதான்."

விசில் சார் சொன்னது வேடிக்கைக்கு இல்லை. அந்த மனிதருக்கு நிஜமாகவே சத்தமில்லாத இடம் ஆகாது. மனைவி போனதிலிருந்து வீட்டில் ரேடியோவை அணைத்ததில்லை. சமையலறையில் ஒன்று, கூடத்தில் ஒன்று. இரண்டும் வேறு வேறு நிலையம். குளிக்கப் போனால் குழாயைத் திறந்துவிட்டுத்தான் கதவைச் சாத்துவார்.

மனைவி பேச்சுக்காரி இல்லை. உம் கொட்டுகிறவள். அவர் மைதானத்துக் கதையெல்லாம் கொண்டுவந்து கொட்டுவார். ஒன்றைப் பத்தாக்கித்தான் சொல்வார். அவள் துணி மடித்துக்கொண்டோ, கீரை ஆய்ந்துகொண்டோ, சரியான இடத்தில் 'ம்' என்பாள். புளுகு அதிகமாகிப்போனால் அந்த ம் கொஞ்சம் நீளும். அவர் உடனே குறைத்துக்கொள்வார். எதையாவது மறைத்துவிட்டு முடித்தால் 'அப்புறம்?' என்பாள். அந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் அவரால் தாக்குப்பிடிக்க முடியாது. மறைத்தது வந்துவிடும்.

கடைசி நாட்களில் அவள் கூடத்தில் கட்டிலில் கிடந்தாள். அன்று சாயங்காலம் அவர் நாற்காலியைப் போட்டுக்கொண்டு விளையாட்டு விழாக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். தொடர் ஓட்டத்தில் கடைசிப் பையன் கைமாற்றி வாங்கின கட்டையைத் தவறவிட, எங்கிருந்தோ ஒரு நாய் வந்து அதைக் கவ்விக்கொண்டு எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டது. நடுவர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். கட்டை முதலில் வந்ததா என்றுதான் விதி கேட்கிறது, ஓடியவனுக்கு எத்தனை கால் என்று கேட்கவில்லை. கடைசியில் சிறப்பு விருந்தினர் நாய்க்கு மெடலைக் குத்தினார். கதையைச் சொல்லி, நாய் மேடையில் நின்ற மாதிரி நின்று காட்டி, விழுந்து விழுந்து சிரித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. எப்போதிலிருந்து இல்லை என்பது தெரியவில்லை. ம் எந்த இடத்தில் நின்றது? கட்டை விழுந்தபோதா? நாய் வந்தபோதா? அதற்கப்புறம் யாரிடம் சொல்லிக்கொண்டிருந்தோம்? ரேடியோ இரண்டும் வந்தது அதனால்தான்.

முதல் வகுப்பு. பிள்ளைகள் கழுத்தை நிமிர்த்திச் சுவரைப் பார்த்தார்கள். மூக்குறிஞ்சல், பெஞ்சுக் கிறீச், யாரோ ஒருத்தன் வயிற்றுக் கடமுடா, எல்லாம் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. தொட்டியில் சொட்டு விழுவதும் நின்றது. விசில் சார் கழுத்து விசிலைத் தடவிப் பார்த்துக்கொண்டார். எதையாவது நினைத்துத் தொலைப்போம் என்று, இந்த அறையில் புழுக்கம் தாங்கவில்லை என்று நினைத்தார்.

'ம்,' என்றது.

பின்னாலிருந்தும் இல்லை, பக்கத்திலிருந்தும் இல்லை. கீரை ஆய்கிற தூரத்திலிருந்து.

அவர் எழுந்து நின்றுவிட்டார். விசில் வாய்க்குப் போய்விட்டது. ஊதவில்லை, காற்று வந்தால்தானே. பிள்ளைகள் அசையாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்ததும் முன்வரிசைப் பெண் அவரிடம் வந்தாள். முன்பல் இரண்டும் விழுந்து இன்னும் முளைக்காதவள். வகுப்பே ஓட்டைப்பல் என்று கூப்பிடும்.

"உங்களுக்கும் உம் கொட்டினாங்களா, சார்?"

"உனக்கு யார் கொட்டினது?"

"என் தம்பி."

"தம்பி எந்த வகுப்பு?"

"வகுப்பெல்லாம் இல்ல சார். ஆஸ்பத்திரியில பிறந்தான். வீட்டுக்கு வரலை." அவள் பையை மாட்டிக்கொண்டாள். "அவனுக்குப் பேச வராதுல்ல. அதான் உம் மட்டும்."

விசாரித்ததில், வகுப்பு முழுக்க இது பழைய சங்கதி. ஒவ்வொருவருக்கும் ஒருவர். ஒருத்தனுக்குப் பக்கத்து வீட்டு மாமா, இன்னொருத்திக்கு அவள் சித்தி. மனசுக்குள் ஏதாவது சொன்னால் உம் கொட்டுவார்கள். யாரும் பயப்படவில்லை. பெரியவர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, இது பேசக் கூடாத வகுப்பாயிற்றே என்றார்கள்.

விசில் சார் அன்று வீட்டுக்குப் போய் இரண்டு ரேடியோவையும் அணைத்தார். காத்திருந்தார். சுவர்க்கடிகாரம்தான் பேசியது. மறுபடி போட்டுவிட்டார். அந்த அறையில்தான் அவள் வருகிறாள் என்று விளங்கியது. விளங்கியதும், என்ன செய்ய வேண்டும் என்பதும் விளங்கியது. நாய்க் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். மெதுவாக, ஒவ்வொரு இடமாக. ம் எங்கே நிற்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

அடுத்த வகுப்பிலிருந்து ஆரம்பித்தார். மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டது. ம். பந்தல் சாய்ந்தது. ம். சிறப்பு விருந்தினரின் கார் சேற்றில் மாட்டி, அதை ஐந்நூறு பேர் சேர்ந்து தள்ளியது. ம் கொஞ்சம் நீண்டது. சரி, பத்துப் பேர். ம். அவசரப்படவும் முடியாது. அறை அடங்குவதற்கே பாதி நேரம் போய்விடும். வாரத்துக்கு இரண்டே வகுப்பு. கட்டை கைமாறத் தொடங்கவே மாதமாகிவிட்டது. மனிதர் இளைத்துப்போனார். ஆனால் மைதானத்தில் கத்துவது பாதியாய்க் குறைந்தது.

தலைமையாசிரியைக்கு விஷயம் எட்டியது. அவர் ஒரு தடவை அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டு, செருப்பை அங்கேயே விட்டுவிட்டு வெளியே வந்தார். அப்புறம் மேலிடத்துக்கு எழுதினார்: சமய வகுப்பில் பதில் வருகிறது, என்ன செய்வது?

மேலிடம் கிடுகிடுத்தது. பாடத்திட்டத்தில் பதிலுக்கு இடமே இல்லை. கல்வித்துறை இயக்குநர் மூன்று கூட்டத்துப் பிரதிநிதிகளையும் காரில் ஏற்றிக்கொண்டு நேரில் வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்ட குரல். பிரதிநிதிகளை உள்ளே அனுப்பினார். தான் வாசலிலேயே நின்றுகொண்டார். பொறுப்பில் இருக்கிறவர் எதையும் நேரில் கேட்கக் கூடாது, கேட்டால் பொறுப்பாகிவிடும் என்பது அவர் கொள்கை.

மூவரும் வெளியே வந்தார்கள். முதல் காரியமாக மூவரும் சொந்தம் கொண்டாடினார்கள். அது எங்கள் பக்கத்து உம், நாங்கள்தான் காலங்காலமாக அப்படிக் கேட்டுவருகிறோம், அறையை எங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று வராந்தா அதிர்ந்தது. இயக்குநர் பேனாவை எடுத்து, நல்லது, யாருடையதோ அவர்களே பள்ளி வளாகத்தில் அதன் நடத்தைக்கு உத்தரவாதம் என்று கையெழுத்துப் போடுங்கள் என்றார். வராந்தா அடங்கிவிட்டது. தலை குனிகிறவர் தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்றார். தலை நிமிர்கிறவர் அது தொட்டிக் குழாய் என்றார். கண் மூடுகிறவர், கண்ணைத் திறந்து வைத்திருந்ததால் காது வேலை செய்யவில்லை என்றார். கார் கிளம்பும்போது தலை குனிகிறவர் மட்டும் பின்தங்கி விசில் சாரின் காதருகே வந்து, உள்ளே இருக்கிறவர்கள் பழசையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பார்களா என்று கேட்டார்.

ஆசிரியர்களைக் கூட்டி இயக்குநர் பேசினார்.

"பாருங்க, இந்தப் பாடத்துல நாம யாரையும் கூப்பிடலை. யாரையும் எதுவும் கேக்கலை. கேக்காதபோது பதில் வந்தா, அது ஒழுங்கீனம். கடவுளாவே இருக்கட்டும், முன் அனுமதி வேணும். வர்றவர் யாரு, எந்தக் கூட்டம், எதுக்கு வர்றார்னு தெரியாம, சின்னப் பிள்ளைங்க இருக்கிற இடத்துல விடமுடியுமா? சமயம் முக்கியம். அதைவிட முக்கியம், அது உள்ள வந்துடாம பார்த்துக்கறது."

ஆசிரியர்கள் கைதட்டினார்கள். பழக்கம்.

குறை எங்கே என்று துறை ஆராய்ந்தது. ஒவ்வொரு பள்ளியும் தன்னிஷ்டத்துக்கு மௌனம் தயாரித்துக்கொள்கிறது, அதில் கலப்படம் இருக்கிறது என்று கண்டுபிடித்தது. இனி மௌனம் தலைமையகத்தில் தயாராகும். அதற்காகவே கட்டிய, காற்றும் புகாத அறையில், இயக்குநர் முன்னிலையில் ஒரு வகுப்பு நேரத்துக்கான மௌனத்தைப் பதிவு செய்வார்கள். பள்ளிதோறும் ஸ்பீக்கர் பூட்டி அதையே ஒலிபரப்புவார்கள். வேறு எந்த மௌனமும் செல்லாது.

ஸ்பீக்கர் வருவதற்கு முந்தின கடைசி வகுப்பு. விசில் சாருக்கு நாய் வரவேண்டிய இடம் பாக்கியிருந்தது. மூக்கடைத்த பிள்ளைகளைக் கெஞ்சி, பெஞ்சுக் காலுக்குக் காகிதம் மடித்து வைத்து, அறையைச் சீக்கிரம் அடக்கினார். கட்டை விழுந்தது. ம். நாய் வந்தது. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு, ம். விதிப் புத்தகம். ம். மேடை, மெடல், நாய் வாலை ஆட்டியது. ம். கதை முடிந்துவிட்டது. முழுக்கக் கேட்டிருக்கிறாள், கடைசி வரைக்கும் இருந்திருக்கிறாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது அது வந்தது.

'அப்புறம்?'

மணி அடித்துவிட்டது.

இன்னும் ஒரே ஒரு வகுப்பு பழையபடி விட்டுத்தாருங்கள் என்று தலைமையாசிரியையிடம் போய் நின்றார். அந்தம்மாவுக்குக் கல் நெஞ்சு இல்லை. "கேக்கறவங்களுக்கெல்லாம் குடுக்க அது என் வீட்டுச் சொத்தா சார்?" என்று முனகிவிட்டு, ஸ்பீக்கர் பூட்ட வந்தவனைத் தாமதப்படுத்த டீ சொல்லி அனுப்பினார். அவன் டீயைக் குடித்துவிட்டுப் பூட்டிவிட்டான்.

ஒலிபரப்பு தொடங்கியது. மௌனம் உஸ்ஸென்று இரைந்தது, மாவு மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பது போல. அதற்குள் எந்த உம் கேட்கும்? ஜன்னலுக்கு வெளியே புதிதாக நியமனமான மௌன ஆய்வாளர் சத்தம் அளக்கும் கருவியோடு நின்றார். பிள்ளைகள் சுவரைப் பார்த்தார்கள். பாதி வகுப்பு போனபோது, இரைச்சலுக்குள் ஒரு நாற்காலி நகர்ந்தது. யாரோ தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா? இருக்கீங்களா?"

இயக்குநரின் குரல். கஞ்சி இல்லாத குரல்.

"ரெண்டு நாள்ல வர்றேன்னுதான் சொன்னேன்மா. வரணும்னுதான் இருந்தேன். குழு கூட்டம் போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் இன்னொரு குழு." இடைவெளி. "அங்க சாப்பாடு, மருந்தெல்லாம் வேளாவேளைக்குக் குடுத்தாங்களா?" இடைவெளி. அதில் வெறும் இரைச்சல். "ஏதாவது சொல்லுங்கம்மா. திட்டவாவது செய்யுங்க."

அதே நேரம், துறையின் எல்லாப் பள்ளிகளிலும், எல்லாப் பிள்ளைகளும் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு அதைக் கேட்டார்கள். பதிவு செய்தவர்களுக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனால் இயக்குநர் முன்னிலையில் பதிவான மௌனத்தில் பேச்சு இருக்கிறது என்று யார் போய்ச் சொல்வது?

"சார்," என்றாள் ஓட்டைப்பல், சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவருக்கு யாரும் உம் கொட்டலையே. பாவமா இருக்கு."

விசில் சார் எழுந்தார். வயரைப் பிடித்துச் சுவரிலிருந்து பிடுங்கினார். இரைச்சல் போயிற்று. அறை அடங்கும்வரை காத்திருக்க அவருக்குப் பொறுமை இல்லை. மனசுக்குள் சொல்லவும் நேரமில்லை. பேசக் கூடாத வகுப்பில், வாய்விட்டே சொன்னார். ஆனால் மைதானத்துக் குரலில் இல்லை.

"அப்புறம் என்ன, நான் சிரிச்சிட்டுத் திரும்பிப் பார்த்தேன். நீ இல்லை. எழுப்பிப் பார்த்தேன். அப்புறம் எல்லாரும் வந்தாங்க. நல்லபடியா போயிட்டாள்னு சொன்னாங்க. அப்புறம் எல்லாரும் போயிட்டாங்க. உன் புடவையை மடிக்கத் தெரியலை எனக்கு, அப்படியே சுருட்டி வெச்சிருக்கேன். பயமா இருந்துச்சு. ரேடியோ வாங்கினேன். அவ்வளவுதான். வேற எதையும் மறைக்கலை."

என்ன பதில் வந்தது என்று பிள்ளைகளுக்குக் கேட்கவில்லை. அது அவர்களுடைய ஆள் இல்லையே. அவர் முகத்தைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு மரியாதையாகச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். ஆய்வாளரின் கருவியில் முள் எகிறி நின்றது.

குற்றச்சாட்டு மெமோ வந்தது. சமய வகுப்பில், இறப்பு, பிரிவு, அச்சம் ஆகிய சமயத் தொடர்புள்ள பொருள்கள் குறித்து, பாடநூலில் இல்லாத கருத்துகளை, மாணவர்களுக்குப் புரியும்படி தெரிவித்தது குற்றம். சமயக் கல்வி தொடங்கியதிலிருந்து அந்த வகுப்பில் சமயம் நடந்தது அதுவே முதல் தடவை என்று துறை பதறியது. அதே தபாலில் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை: அங்கீகரிக்கப்பட்ட மௌனத்தில் குரல் எதுவும் இல்லை. அக்குரலைக் கேட்டவர்கள் எழுத்துமூலம் விளக்கமளிக்க வேண்டும்.

விசாரணைக்கு விசில் சார் தலைமையகம் போனார். இயக்குநரே விசாரணை அதிகாரி. சுருக்கெழுத்தாளர் ஓரமாகப் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். இயக்குநர் மெமோவைப் பிரித்தார், மூடினார். சுருக்கெழுத்தாளரை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார். அவர் இப்போதுதான் குடித்தேன் என்றார். இன்னொன்று குடியுங்கள் என்றார் இயக்குநர். கதவு சாத்தப்பட்டது.

நெடுநேரம் இயக்குநர் மேசைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுத்தமாகத்தான் இருந்தது.

"நாங்க கட்டின ரூம்ல ஒண்ணும் வரலை," என்றார் கடைசியில். "ரொம்பக் கெட்டியாக் கட்டிட்டாங்க."

விசில் சார் பேசாமல் இருந்தார். இப்போது அவருக்கு அது வந்தது.

"அந்த ரூம் சாவி யார்கிட்ட இருக்கு?"

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. மேற்படி அறை ஆபத்தானது, மூடி முத்திரையிடப்படுகிறது, மாணவர்கள் இனி மரத்தடியில் ஸ்பீக்கரின் கீழ் அமர்ந்து மௌனம் பயில்வார்கள். ஆபத்தின் தன்மையைக் கண்காணிக்க இயக்குநர் சனிக்கிழமைதோறும் நேரில் ஆய்வு செய்வார். முத்திரையை உடைத்து மறுபடி வைக்க, மெமோ பெற்ற ஆசிரியர் தண்டனையாக அன்று பள்ளியில் இருக்க வேண்டும். பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்றால், மரத்தடியில் கழுத்தை நேராக வைத்துக்கொண்டு, மதிற்சுவருக்குப் பதிலாக அந்த மூடிய ஜன்னலைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள். அது விதிக்கு விரோதமில்லை.

முதல் சனிக்கிழமை இயக்குநர் டிரைவரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தார். உள்ளே போனார். விசில் சார் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து காகத்தை விரட்டிக்கொண்டிருந்தார், வாயால் இல்லை, கையால். வெளியே வந்தபோது இயக்குநரின் சட்டை தோள்பட்டையில் கசங்கியிருந்தது. அவர் சுவரில் சாய்ந்திருக்க வேண்டும்.

"கேட்டுச்சா, சார்?"

"ஒண்ணும் கேக்கலைன்னுதான் அறிக்கையில வரும்." கண்ணாடியைக் கழற்றி மாட்டினார். இரண்டு எட்டு நடந்துவிட்டு நின்றார். "நடுவுல விட்டுட்டு வந்திருக்கேன். அடுத்த வாரமும் ஆய்வு இருக்கு."

அவர் தெருமுனை திரும்பும்வரை விசில் சார் மரியாதைக்கு நின்றார். பிறகு கழுத்திலிருந்து விசிலைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். இயக்குநர் வந்தது, டிரைவரை ஒளித்து வைத்தது, எல்லாம் அவளிடம் சொல்ல வேண்டும். இருபது கார்கள் வந்தன என்றுதான் ஆரம்பிக்க நினைத்தார்.